இரண்டு பாராட்டு, ஒரு கேள்வி

அந்த மாதிரிக் கட்டுரையை நான் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி வேகிற நேரத்துக்குள். அதில் ஒரு வரிகூட உண்மை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டால் எனக்கே நிச்சயமாகச் சொல்ல வராது.

திருச்செங்கோட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். பெயர் கோகிலவாணி. இரண்டு வருடமாகப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் 'தன்கதை' என்று ஒரு புதுப்பாடம் வைத்திருக்கிறார்கள். தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுத வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளிடம் நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் படித்துவிட்டுக் கருத்து எழுதுவாள், அதை வைத்துத் திருத்தி மறுபடி எழுத வேண்டும். மொத்தம் மூன்று வரைவு. படிப்பவளுக்கு நான் போட்ட விதி ஒன்றுதான்: இரண்டு பாராட்டு, ஒரு கேள்வி. அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. பாராட்டில்லாமல் கேள்வி கேட்டால் பிள்ளைகள் சுருங்கிப்போவார்கள், கேள்வியில்லாமல் பாராட்டினால் அது கல்யாண வீட்டு வாழ்த்து மாதிரி ஆகிவிடும்.

இதற்கு உதவியாகத்தான் பட்டை வந்தது. நெற்றியில் கட்டிக்கொண்டு ஒருத்தியின் வரைவைப் படித்தால், எழுதியிருப்பது படிப்பவளுக்கே நடக்கும். மழை என்றிருந்தால் நனையும், சூடு என்றிருந்தால் சுடும். எழுத்து எங்கே சப்பென்று இருக்கிறதோ அங்கே பட்டையும் சப்பென்று ஆகும், அந்த இடத்தைக் குறித்துவைத்துக் கேள்வி கேட்கலாம். விற்க வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

பிள்ளைகள் எழுதுவதற்கு முன்னால் ஆசிரியை ஒரு மாதிரி எழுதிக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கையேட்டில் 'ஆசிரியரின் சொந்த அனுபவம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைப் படித்தேன், மதிக்கவில்லை. என் வாழ்க்கையில் எழுதும்படியாக நடந்தவை இரண்டு, இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. தவிர, நாங்களெல்லாம் பள்ளியில் குடையின் தன்வரலாறு, கிழிந்த ரூபாய் நோட்டின் தன்வரலாறு எழுதி மதிப்பெண் வாங்கி வளர்ந்தவர்கள். குடையாகவே இருந்து அழுதவளுக்கு ஒரு அக்காவாக இருந்து அழுவது பெரிய காரியமா?

அப்படி ஒரு அக்காவாக ஆனேன். பன்னிரண்டு வயது. மழை நாள். தம்பி மேல் கோபம். அவன் மொட்டை மாடியில் இருக்கும்போது மாடிக்கதவை உள்பக்கமாகப் பூட்டிவிடுகிறேன். 'தாழ்ப்பாளைத் தூக்கி இழுக்க வேண்டும். உள்ளே மணல் நறநறத்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்து நகத்துக்குள் ஏறியது. இரும்பு சில்லென்றிருந்தது. அவன் மூன்று தடவை தட்டினான். எண்ணினேன், திறக்கவில்லை.' கடைசியில் தம்பிக்கு இரண்டு நாள் தும்மல், எனக்கு ஞானோதயம். உண்மையில் எனக்குத் தம்பி கிடையாது. நான் வளர்ந்தது சங்ககிரியில் ஓட்டு வீடு, அதற்கு மாடியும் கிடையாது.

முதலில் நான் பட்டையோடு அதை வகுப்பில் வாசித்துப் பதிந்தேன், பிறகு முப்பத்தெட்டுப் பேரும் பட்டையைக் கட்டிக்கொண்டு அதைப் படித்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் அவர்களுடைய முதல் வரைவுகள் வந்தன. யாழிசை என்ற பிள்ளை தன் தம்பி கவினைப் பற்றி எழுதியிருந்தாள். கவின் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏழு வயதில் இறந்துபோனவன், எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். மாடியிலிருந்து சன்ஷேடு வழியாக இறங்கப் பார்த்து வழுக்கி விழுந்துவிட்டான். அவள் எழுதியது மொத்தம் ஏழு வரி. 'அன்று மழை. நான் கீழே படித்துக்கொண்டிருந்தேன். கவின் மாடியில் இருந்தான். சன்ஷேடில் இறங்கினான். விழுந்துவிட்டான்.' இப்படி.

நோட்டை மாற்றிக்கொண்டது பக்கத்து இருக்கை பர்வீன். பட்டையைக் கட்டிக்கொண்டு படித்தாள். கழற்றும்போது உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பாராட்டு எழுதினாள். பிறகு கேள்வி: 'நீ ஏன் மாடிக்கதவைத் தாழ் போட்டாய் என்று எழுதவில்லையே?'

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைக் கரும்பலகையில் எழுதினேன். "இதுதான் கேள்வி. எழுதினவ சொல்லாம விட்ட இடத்துல போய் நிக்குது பாருங்க" என்று வகுப்புக்கே காட்டினேன்.

யாழிசை எழுந்து, "நான் தாழ் போடலீங்களே மிஸ்" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "போட்டனா?" என்று பர்வீனைக் கேட்டாள்.

"உட்காரு. யோசிச்சு எழுது. அவசரமில்ல" என்றேன் நான்.

இரண்டாம் வரைவு நாலு பக்கம் வந்தது. தூக்கி இழுக்க வேண்டிய தாழ்ப்பாள், நறநறத்த மணல், நகத்துக்குள் ஏறிய பச்சைப் பெயிண்ட், மூன்று தட்டு. என் வார்த்தைகள் வரிசை மாறாமல் இருந்தன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பிள்ளை என் நடையைப் பிடித்துக்கொண்டாள் என்று பூரித்துப்போய்ப் பத்துக்குப் பத்து போட்டு, வகுப்பில் வாசிக்கவும் சொன்னேன். அவள் வாசித்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை பர்வீன் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், யாழி சாப்புடறதே இல்லீங்க. நான்தான் கவினைக் கொன்னேன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டாளாமா. அவங்கம்மா ஒண்ணுமே சொல்லாம அழுதாங்களாம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லியாமா."

"அவ அதை மறைச்சு வச்சிருந்திருக்கா. வெளிய வந்தது நல்லதுதான்" என்று ஏதோ சொன்னேன்.

"அதில்லீங்க மிஸ்." பர்வீன் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஞாபகம் இருக்குதுங்க. நானும் தாழ் போட்டிருக்கறேன். பச்சைத் தாழ்ப்பா. ஆனா எங்க வீட்டுக்கு மாடியே கெடையாதுங்களே."

நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். பட்டைகளைப் பார்த்துக்கொள்வது ஜெபராஜ், நாகர்கோவில்காரர், எதையும் அவசரமில்லாமல் சொல்லக்கூடிய மனிதர்.

"எழுத்துல ஓட்டை இருந்தா அங்க சப்புன்னு ஆகணும்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல அப்படித்தான் மேடம். அதுல பிள்ளைகளுக்குத் தலை சுத்துதுன்னு போன அப்டேட்ல மாத்திட்டாங்க. இப்ப ஓட்டை வந்தா, படிக்கிறவங்க தலைக்குள்ள அதே மாதிரி என்ன கிடக்குன்னு தேடி எடுத்து அடைச்சிரும்."

"அப்ப யார் ஞாபகம் யாருக்குன்னு குழம்பாதா?"

"குழம்பாது. எழுதினவங்க பட்டை கட்டி வாசிச்சுப் பதியுற ஒவ்வொண்ணுலயும் அதை வாழ்ந்த ஆளோட அடையாளம் ஒட்டியிருக்கும். இது அடுத்தவங்களுது, நம்முது இல்லைன்னு மூளைக்குத் தெரிஞ்சிரும்." அவர் திரையில் எதையோ தேடினார். "தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க போட்ட மாதிரிக் கட்டுரை இருக்குல்ல, அது நிஜமா நடந்ததா?"

நான் அவருடைய திரையை எட்டிப் பார்த்தேன்.

"இதுல அடையாளமே விழலை. வாழ்ந்தாத்தானே விழும். கற்பனைக்கு விலாசம் கிடையாது மேடம், யார் வீட்டுல வேணும்னாலும் போய் உட்கார்ந்துக்கும்."

"எடுக்க முடியுமா?"

"இன்னொண்ணை எழுதி அது மேல வைக்கலாம். கதவு திறந்தே இருந்துச்சுன்னு நீங்க நல்லா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு பட்டை கட்டிப் படிச்சா, அது போயி இது வந்துரும். அதுவும் பொய்தான், ஆனா பாதகமில்லாத பொய்."

அன்று மாலை வரை யோசித்தேன். எழுத எனக்குப் பதினைந்து நிமிடம் போதும். அதுதான் பயமாக இருந்தது. ஒரு பிள்ளையின் தலைக்குள் தெரியாமல் நுழைந்தது ஒரு தவறு, தெரிந்தே நுழைவது அதைவிடப் பெரிய தவறு. தலைமையாசிரியையிடம் நடந்ததைச் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். மறுநாள் வகுப்பில் முப்பத்தேழு பேர் முன்னால் நின்று, "நான் படிக்கக் குடுத்தது பொய். எனக்குத் தம்பியே இல்ல" என்றேன். ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப வாசிக்கிறப்ப ஏன் மிஸ் உங்க கண்ணு கலங்குச்சு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அது மட்டும் உண்மை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வேன் வந்து எல்லாப் பட்டைகளையும் அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனது. சனியன் விட்டது என்று நிம்மதியாக இருந்தது.

அன்று சாயந்தரம் யாழிசையின் வீட்டுக்குப் போனேன். அப்பா போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அம்மா சுகன்யா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டையோடேயே கதவைத் திறந்தார். இதே அம்மா பஸ்ஸில் நூறு பேரை ஒரு குரலில் உள்ளே தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன், இப்போது "வாங்க மிஸ்" என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

யாழிசை கட்டிலில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி வேகிற நேரத்தில் எழுதியது, இல்லாத தம்பி, பர்வீனின் உள்ளங்கை, ஜெபராஜ் சொன்ன விலாசம், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் திருப்திக்காகவோ என்னவோ எழுந்து, "மாடிக்கு வர்றீங்களா மிஸ்" என்றாள்.

மூன்று பேரும் ஏறினோம். மாடிக்கதவு நீல நிறம். அதில் தாழ்ப்பாளே இல்லை. ஒரு கயிற்றை வளைத்துக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாரு யாழி! பச்சையும் இல்ல, தாழ்ப்பாளும் இல்ல. நீ எப்படிப் போட்டிருப்பே?"

அவள் கதவைத் தடவிக்கொண்டே நின்றாள். "இல்லைன்னு கண்ணுக்குத் தெரியுதுங்க மிஸ். ஆனா கையில சில்லுன்னு இருக்குதுங்களே. தட்டறதும் கேக்குது. நீங்க பொய்யுன்னு சொன்னா அது நின்னுருமுங்களா?" பிறகு விரலை ஒரு இடத்தில் நிறுத்தினாள். நீலப் பெயிண்டுக்கு அடியில் மக்குச் சாந்து வைத்து அடைத்த நாலு சின்னப் புள்ளிகள். ஆணி இருந்த ஓட்டைகள். "இங்க ஒண்ணு இருந்துச்சுங்க. அப்புறமேல்ட்டுத்தான் காணோம். கலர்தான் ஞாபகமில்ல."

நான் சுகன்யாவைப் பார்த்தேன். அவர் மகளிடம், "கண்ணு, மிஸ்ஸுக்குக் காப்பி போடோணும், கடையில போயி ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வா" என்றார். அந்த வீட்டில் ஐந்து நாளுக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு அது என்று நினைக்கிறேன். யாழிசை இறங்கிப் போனாள்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்கும் வரை சுகன்யா காத்திருந்தார்.

"அவன் போன மூணாம் நாளு நான்தானுங்க தாழ்ப்பாளைக் கழட்டுனேன்" என்றார். "தாழ் போட்டதும் நான்தானுங்க. அன்னிக்கு எனக்கு லீவு. மழை தூறுச்சுன்னு கொடியில துணி எடுக்க ஓடியாந்தேன். எடுத்துட்டு, காத்துல கதவு அடிச்சுக்குமேன்னு தாழைப் போட்டுட்டு இறங்கிட்டேன். தண்ணி டேங்குக்கு அந்தப் பக்கம் அவன் உக்காந்து வெளையாண்டுட்டு இருந்தது எனக்குத் தெரியாதுங்க. கீழ டிவி ஓடிட்டிருந்துச்சு. தட்டியிருப்பான். கேக்கல."

மாடியில் அடுத்தடுத்த வீடுகளின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஆருக்கும் சொல்லலீங்க. அவங்கப்பாவுக்கே தெரியாது. சுட்டிப் பையன், இறங்கப் பாத்துருக்கான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் தலையை ஆட்டுனேன். இப்ப இவ வந்து நான்தாம்மா தாழ் போட்டேன்னு அழுவறா." அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "அவ அப்படிச் சொன்னப்ப, ஒரு நிமிசமுங்க மிஸ், ஒரே ஒரு நிமிசம், எனக்கு மூச்சு வந்துச்சு. நாம இல்லியோ, அவதானோன்னு. பெத்தவளுக்கு அப்படி வரலாமுங்களா?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வேறு என்ன செய்வது?

"அவகிட்டச் சொல்லிடுங்க" என்றேன் கடைசியில்.

"வாயில வர மாட்டீங்குது. அஞ்சு நாளாப் பாத்துட்டேன்."

"எழுத முடியுமா?"

யோசித்துவிட்டு, "பத்தாவது வரைக்கும் நல்லாத்தான் எழுதுவேன்" என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். வகுப்பறையைத் திறந்துவிட்டேன். சுகன்யா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து யாழிசையின் நோட்டிலேயே, அவளுடைய இரண்டாம் வரைவுக்குப் பின்னாலேயே எழுதத் தொடங்கினார். கண்டக்டர் கை வேகம் தெரிந்தது. நடுவில் மூன்று தடவை நின்றது. யாழிசை வராந்தாவில் தூணில் சாய்ந்துகொண்டு உள்ளே பார்க்காமல் இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். "பட்டை கிட்டை ஒண்ணும் இல்ல. வெறும் படிப்புதான். விதி தெரியுமில்ல?"

"தெரியுமுங்க மிஸ்."

அம்மா வெளியே போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாழிசை படித்தாள். இரண்டு பக்கம்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். இனி இந்தப் பிள்ளையின் கையில் சில்லிப்பு போய்விடும், சோறு இறங்கும், அம்மாவின் மேல் கோபம் வந்தாலும் வரட்டும், அது தாங்கக்கூடிய கோபம் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் பேனாவை எடுத்து எழுதினாள். எழுதி, நோட்டை அம்மாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

'பாராட்டு ஒன்று: கவினின் ஆரஞ்சுச் சட்டையை மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பாராட்டு இரண்டு: துணியில் மழை வாசம் அடித்தது என்ற இடம் நன்றாக இருக்கிறது. கேள்வி: நான் சாப்பிட வேண்டும் என்பதற்காக இதை எழுதினீர்களா?'

இரண்டு முறை படித்தேன்.

"யாழி, இது நெசம்டா" என்றேன்.

"மிஸ்." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "உங்க தம்பி தட்டுனதும் எனக்கு நெசமாத்தாங்க கேட்டுச்சு. இதுவும் மாதிரிக் கட்டுரைதானுங்களே? நீங்க எழுதிக் குடுத்து அம்மா பாத்து எழுதுனாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? சொல்கிறவள் யார்? இரண்டு வாரத்துக்கு முன்னால், பொய் எழுதிக் கொடுத்துக் கண் கலங்க வாசித்தவள். அடையாளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக்கூடிய பட்டை அந்நேரம் எந்த ஊர்க் கிடங்கிலோ பெட்டிக்குள் கிடந்தது. தொலைந்தது என்று நான் சந்தோஷப்பட்ட சாமான் அது. அப்போதுதான் எனக்கு அந்தக் கேவலமான எண்ணமும் வந்தது. நாலு ஓட்டைகள் அங்கே தாழ்ப்பாள் இருந்தது என்றுதான் சொல்லும், யார் போட்டார் என்று சொல்லாது. ஒருவேளை மகளைக் காப்பாற்ற இந்த அம்மாவே மாடியில் நின்று எனக்கு ஒரு கதை சொன்னாரோ? பொத்தானைத் திருகிய விரல்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. அந்த ஞாபகத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

நோட்டை சுகன்யாவிடம் கொடுத்தேன். அவர் பாராட்டுகளைப் படித்தார். கேள்வியைப் படித்தார். மகள் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சத்தியம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன், அதுவும் பண்ணவில்லை.

"ஆறு மணி டூட்டிக்குத்தான் போகோணும். அதுவரைக்கும் இருக்கலாமுங்களா மிஸ்?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

யாழிசை கையை நீட்டித் தன் பேனாவைக் கொடுத்தாள். அம்மாவுக்கு இடம் போதவில்லை என்று பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தும் உட்கார்ந்தாள். சுகன்யா ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே 'இரண்டாம் வரைவு' என்று எழுதினார்.